விடு என்று சொன்ன வாய்

இன்னும் பதினாறு பேர். அந்தப் பதினாறு பேரும் உள்ளே போய் வெளியே வருவதற்குள் இந்தப் பாழாய்ப்போன இமை விழுந்து தொலைய வேண்டும், விழ மாட்டேன் என்கிறது. வீட்டில் பொழுது சாய அடுப்பு முன்னால் குத்தவைத்தால் யாரும் கூப்பிடாமலே தானாக விழும், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு சட்டி பானையை எல்லாம் ரெண்டு ரெண்டாகக் காட்டும். இங்கே வந்தால் மட்டும் புதுப்பெண்டாட்டி மாதிரி பளிச்சென்று முழித்துக்கொண்டு நிற்கிறது. ஒச்சம்மா பெரியாஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் அறைக்கு வெளியே, சுவரில் சாய்ந்தால்கூட அது ஓய்வாகிவிடுமே என்று சாயாமல், நட்டுவைத்த முட்டுக்கம்பு மாதிரி நின்றுகொண்டு, மேலே ஓடுகிற காத்தாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காத்தாடிக்கு மூணு றெக்கை. ஒரு றெக்கையில் ஒட்டடை தொங்குகிறது. பார், அதையே பார், கண்ணைத் தாழ்த்தாதே, தாழ்த்தினால் அது சந்தோஷமாக இளைப்பாறிக்கொள்ளும். ஊரில் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வருவது நோய் போவதற்கு. இவள் நோயைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது, அது பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொள்கிறது. போன வியாழக்கிழமை அப்படித்தான் இறங்கிக்கொண்டது. அதற்கு முந்தின வியாழக்கிழமையும்தான். உள்ளேயிருந்து முப்பத்தொண்ணு என்று கத்தினார்கள். இவள் சீட்டு நாற்பத்தேழு.

"ஏ ஒச்சு, உக்காருடி. காத்தாடியில என்ன சினிமாவா ஓடுது?" என்றாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி. அன்னக்கொடி இவளுக்கு மூத்த ஓரகத்தி, இவள் புருஷன் காசிமாயனுக்கு அண்ணன் பெண்டாட்டி. இடது தோளைச் சுற்றிக் கட்டு, அந்தக் கை கழுத்திலிருந்து தூளியில் தொங்குகிறது. "நீ உக்காருக்கா, நான் நிக்கிறேன்." "நிக்கிறது நீ, கழுத்து வலிக்கிறது எனக்கு." வலிக்கட்டும். இல்லை இல்லை, வலிக்க வேண்டாம் சாமி, இனி ஒரு வார்த்தை அப்படி நினைக்கக்கூடாது, நினைத்ததெல்லாம் போதும். வாயால் சொன்னதும் போதும். அன்னக்கொடி துணைக்கு வரவில்லை. ஓரகத்திக்கு ஒரு நோயும் இல்லை என்று டாக்டர் சொல்வதைத் தன் காதால் கேட்டுவிட வேண்டும் என்று வந்திருக்கிறாள். அதைப் பஸ்ஸிலேயே, டிக்கெட் கொடுத்தவருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியாகிவிட்டது. "டாக்டரு வாயால கேக்கணும்டி. ஒண்ணுமில்லன்னுட்டாருன்னா ஊர்ப் பொதுவுல வச்சு நீ எனக்குப் பதில் சொல்லணும். ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்டவளாச்சேன்னு பாக்க மாட்டேன்." என்ன பதில் சொல்வது? ஒரே கேள்வி, ரெண்டு மாசமாக அதே கேள்வி. விடுன்னு சொல்லிட்டு ஏண்டி விட்டே?

அன்றைக்கு ஊர்க்கோடியில் ஒரு மாடி வீட்டுக்குத் தளம் போட்டார்கள். கீழே கலவை மெஷின் கடகடவென்று சுத்துகிறது, சாரத்தில் படிக்கு ஒருத்தியாகப் பொம்பளைகள், கீழிருந்து மேலே கைக்குக் கை கலவைச் சட்டி ஏறுகிறது. ஒருத்தி தூக்கிக் கொடுப்பாள், மேலே இருப்பவள் குனிந்து விளிம்பைப் பிடித்து "விடு" என்பாள், கீழே இருப்பவள் அப்போதுதான் கையை எடுப்பாள். பெரிய சட்டம் அது. மேஸ்திரி எழுதிவைத்தது இல்லை, யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, ஆனால் விடு என்கிற சொல் வராமல் கையை எடுத்த சித்தாள் கிடையாது, சொல்லிவிட்டுப் பிடிக்காத சித்தாளும் கிடையாது. இவள் மூணாம் படி, அன்னக்கொடி ரெண்டாம் படி. காலையில் இருந்து இருநூறு சட்டி ஏறியிருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு இவளுக்கு வாய் குளறியது, கழுத்து நிற்காமல் தலை முன்னால் தொங்கியது, வெயில்தான் என்று நினைத்தாள். தளம் முடிந்தால் வீட்டுக்காரர் கறிச்சோறு போடுவார், இன்னும் ஒரு மணி நேரம், தம் பிடி. சட்டி வந்தது. விளிம்பைப் பிடித்தாள். பிடித்தாள்தான், சத்தியமாகப் பிடித்தாள், பிடிக்கச் சொல்லி உள்ளேயிருந்து சேதி போனது அவளுக்கே தெரிந்தது. விடு என்றாள். அன்னக்கொடி விட்டாள். விரல்கள் வெந்த முருங்கைக்காய் மாதிரி பிரிந்துகொண்டன. சட்டி கலவையோடு நேராக அன்னக்கொடியின் தோளில். காறை எலும்பு முறிந்த சத்தம் மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்டது. இப்போதும் கேட்கிறது. பச்சை விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகு யாரோ மெஷினை நிறுத்தினார்கள், அந்த அமைதி சத்தத்தைவிட மோசம்.

முப்பத்திநாலு. மூணு பேர் ஒரே மூச்சில் போய் வந்துவிட்டார்கள், என்ன வைத்தியம் பார்க்கிறார்களோ. ஒட்டடையைப் பார். கண் எரிகிறது, எரிந்தால் போதாது, விழ வேண்டும். சரி, விழுந்தது சட்டி மட்டுமாக இருந்தால்கூட ஊர் மன்னித்திருக்கும். அதற்கு ரெண்டு நாள் முன்னால்தான் ரெண்டு பேருக்கும் சண்டை. இவள் காயப் போட்ட கருவாட்டுக்கு மேலேயே அன்னக்கொடி துணிக்கொடியை இழுத்துக் கட்டி, பிழியாத சேலையைத் தொங்கவிட்டு, நெத்திலி முழுக்கச் சொதசொதவென்று நாறிப்போனது. பிழிந்து போட்டால் கை தேய்ந்தா போகும் என்று இவள் கேட்க, உன் கருவாட்டுக்கு நான் குடை பிடிக்கணுமா என்று அவள் கேட்க, தெருவே வேடிக்கை பார்க்க, இவள் சொன்னாள். "உன் கை முறியட்டும்." சொன்ன வாய் இதுதான். மறுநாளுக்கு மறுநாள் விடு என்று சொன்ன வாயும் இதுதான். ஒரே வாய் ரெண்டு தடவை பேசி, ஒரு ஆளை அழித்துவிட்டது. யார் நம்புவார்கள்? இவளே நடுநடுவே நம்புவதில்லை. மனசுக்குள் எங்காவது ஒரு மூலையில் வேண்டுமென்றே விட்டேனோ, எனக்குத் தெரியாமல் எனக்குள் ஒருத்தி இருந்து கையைத் திறந்தாளோ என்று நினைத்து நினைத்து, நினைப்பு சுற்றிச்சுற்றி அதே படியில் வந்து நின்று, அதே சட்டி அதே தோளில் விழும். எத்தனை தடவை விழும் ஒரு சட்டி!

அந்த நினைப்புக்கு ஒரு வழி சொன்னது ஜெபசீலி டாக்டர்தான். படிப்பு முடிக்காத டாக்டர்ப் பிள்ளை, ஒல்லியாக, காதில் ஒரு பொட்டுக் கம்மல். அதற்கு முன்னால் கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் ஒருத்தர் சத்து இல்லை என்றார், ஒருத்தர் மனசில் ஏதோ பாரம் என்று தூக்க மாத்திரை கொடுத்தார், அதைத் தின்றால் ரெண்டு கண்ணும் தூங்கியது, ஊர் வாய் தூங்கவில்லை. போன வாரத்துக்கு முந்தின வாரம் இந்தப் பிள்ளைதான் முதல் ஆளாக, "காலையில நல்லா இருந்து சாயங்காலம் மோசமாகுமா? ஓய்வெடுத்தா சரியாகுமா?" என்று கேட்டது. எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள், இதை ஒருத்தரும் கேட்கவில்லை. ஒச்சம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அதான் தாயி, அதேதான்." அப்போது அது ஓ.பி. சீட்டுக்குப் பின்னால் ரெண்டு கோடு கிழித்து, நடுவில் கொஞ்சம் சந்து விட்டு, இது நரம்பு, இது சதை என்றது. "ரெண்டும் ஒட்டியிருக்காதும்மா. நடுவுல கண்ணுக்குத் தெரியாத சின்ன இடைவெளி. மூளைக்குள்ள ஒரு நரம்புக்கும் அடுத்த நரம்புக்கும் நடுவுலயும் அனேகமா அப்படித்தான். ஒண்ணை ஒண்ணு தொடாது." "தொடாம எப்படித் தாயி சேதி போகும்?" "நீங்க என்ன வேலை?" சொன்னாள். அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. "அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேணாம். சேதி கரண்டு மாதிரி நரம்போட நுனி வரைக்கும் ஓடி வரும். நுனியில பொட்டலம் பொட்டலமா ஒரு சாறு கட்டி வச்சிருக்கும். கரண்டு வந்து தட்டுனதும் பொட்டலம் ஒடைஞ்சு சாறு இடைவெளியில கொட்டும். அந்தப் பக்கம் அதைப் பிடிக்கக் கை கையா இருக்கும். போதுமான கை பிடிச்சாத்தான் சதை அசையும்." சிந்தினது என்னாகும் என்று இவள் கேட்டாள். வேலைக்காரப் புத்தி, சிந்தினது உறுத்தும். "அதைக் கூட்டி அள்ள ஒரு ஆள் அங்கேயே நிக்குதும்மா. அள்ளினதுல பாதி திரும்பவும் பொட்டலம் கட்டப் போகும்." காலிச் சட்டி கீழே இறங்குகிற மாதிரி. காலிச் சட்டி ஒழுங்காக இறங்காவிட்டால் வேலை படுத்துவிடும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

"எனக்கு என்ன தாயி, நரம்புக்குச் சாறு வீசத் தெம்பில்லையா?" "வீசறது நல்லாத்தான் வீசுதும்மா. பிடிக்கிற கைகளை உங்க உடம்பே எதிரின்னு நெனச்சு அடைச்சு வச்சிருக்கு, பாதியை ஒடிச்சும் போட்டிருச்சு. முதல் பத்து வீச்சு எப்படியோ போய்ச் சேர்ந்துரும். தொடர்ந்து வீச வீச யாருக்குமே சாறு குறையும். மத்தவங்களுக்குக் கை நெறைய இருக்கு, குறைஞ்சது தெரியாது. உங்களுக்கு இருக்கிறதே கொஞ்சம் கைதானே." பிடிக்கிற கையை ஒடித்துப் போட்ட உடம்பு! தன் வீட்டு வாசலில் நின்று வாங்குகிற ஆளையே திருடன் என்று அடித்துப் போட்ட காவல்காரனை என்ன சொல்லித் திட்டுவது? அன்று ராத்திரி முழுக்க ஒச்சம்மா தலைக்குள்ளே யோசித்துப் பார்த்தாள். தலைக்குள் இத்தனை கோடி நரம்பு, ஒன்றை ஒன்று தொடாமல், ஒரே முற்றத்தில் குடியிருந்து மூஞ்சி கொடுக்காத ஓரகத்திகள் மாதிரி நின்றுகொண்டு, வீசிக்கொண்டும் பிடித்துக்கொண்டும் இருக்கின்றன. கோபமும் அப்படித்தான் வருகிறது, கருவாடும் அப்படித்தான் நாறுகிறது. கை முறியட்டும் என்று சொன்னதுகூட அப்படி எங்கேயோ ஒருத்தி வீசி ஒருத்தி பிடித்து நாக்குவரைக்கும் வந்ததுதான். அது மட்டும் ஏன் ஒழுங்காக வந்து சேர்ந்தது? வழியிலேயே சிந்தியிருக்கக் கூடாதா? பிடி என்கிற சேதி சிந்துகிறது, கை முறியட்டும் என்கிற சேதி சிந்தாமல் வருகிறது, நல்ல வேலைக்காரர்கள்!

"அக்கா, மணி என்ன?" "பதினொண்ணு ஆகப்போவுது. உனக்கென்ன அவசரம், நிக்கிறதுக்கு நேரம் பாக்குறியா?" முப்பத்தெட்டு. இமை அசையவே இல்லை. காலையில் இருந்து நாலு குடம் தண்ணீர் இறைத்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் ஏறாமல் நடந்து, மாடிப்படி ஏறி இறங்கி ஏறி வந்தாள். ஜெபசீலி டாக்டர் சொல்லித்தான் அனுப்பியது. போன வியாழக்கிழமை நடந்த கூத்துக்குப் பிறகு சொன்னது. போன வாரம் இவள் என்ன செய்தாள், பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று முந்தின நாள் வேலைக்குப் போகவில்லை, நன்றாகத் தூங்கினாள், தலைக்குக் குளித்தாள், பெட்டியில் இருந்த சேலையைக் கட்டினாள், மூணு மணி நேரம் பெஞ்சில் மகராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள், கூப்பிட்டதும் குழாயில் குளுகுளு தண்ணீரை அள்ளி மூஞ்சியைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பெரிய டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஜெபசீலியிடம், "ஏம்மா, கண்ணு அம்சமா இருக்கே" என்றார். கையைப் பிழியச் சொன்னார், பிழிந்தாள், இன்னும் பிழிந்திருந்தால் டாக்டருக்குக் கட்டுப் போட வேண்டியிருக்கும். வெளியே வந்து படி இறங்குகையில் இமை நிதானமாகக் கீழே வந்தது. திரும்ப ஏறி ஓடினாள், அறை பூட்டியிருந்தது. அந்தப் பிள்ளை வராந்தாவில் நின்று, "அடுத்த வாரம் எனக்கு வேற வார்டும்மா. நீங்க களைச்சு வாங்க. உக்காரவே உக்காராதீங்க. அவர் கண்ணால பாத்தாத்தான் கையில ஒயர் ஒட்டிப் பாக்கிற டெஸ்டுக்குக் கையெழுத்துப் போடுவாரு, அப்புறம் மாத்திரை. அந்த மாத்திரை, கூட்டி அள்ளுற ஆளைக் கொஞ்ச நேரம் உக்கார வச்சிரும், சாறு கூடக் கொஞ்சம் நேரம் நிக்கும், இருக்கிற கை பிடிச்சிரும்" என்றது. இவ்வளவுதானா, ஒரு கூட்டுகிறவளை உட்கார வைக்க ஒரு கையெழுத்தா?

போன திங்கட்கிழமை காபி மூக்கு வழியாக வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. விழுங்கச் சொல்லி அனுப்பின சேதி தொண்டையில் போய்ச் சேரவில்லை. அன்றிலிருந்து சோற்றைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மூச்சு விடுகிறதும் சதைதானாமே. மூச்சு முட்டினால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் ஓடி வந்துவிட வேண்டும் என்று அந்தப் பிள்ளை ரெண்டு தடவை சொன்னது, சொல்லும்போது அதன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஊருக்குப் பதில் சொல்லாமல் செத்துப்போனால் எவ்வளவு கேவலம். பழிகாரி போனாள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். காசிமாயன் மட்டும் இன்னொரு வார்த்தை சேர்ப்பான். அவனுக்கு எல்லாம் சிரிப்பு. "பொழுது சாஞ்சா இவளுக்கு ஒரு கண்ணு தூங்கும், ஒரு கண்ணு என்னைய வேவு பாக்கும்" என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறான். விழு சனியனே, விழு! பார்ப்பதோடு ஆகாது என்று ஒச்சம்மா ரெண்டு கையையும் முன்னால் நீட்டித் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். கண் காத்தாடியில், கை காற்றில். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. உதடு தன்னால் முணுமுணுத்தது, ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணிக்கொண்டிருந்தாள், குரல் சீக்கிரம் மூக்கால் வரட்டும் என்று.

பக்கத்துப் பெஞ்சில் இருந்த கிழவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஒரு பெண் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எந்த ஊரு ஆத்தா?" என்று பயந்து கேட்டாள் இன்னொருத்தி. அன்னக்கொடி எழுந்து வந்து, நல்ல கையால் இவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஏடி, என் மானத்த வாங்கவா கூட்டியாந்தே? சாமி வருதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காளுக." "நெனக்கட்டும்." "திருநீறு கேக்குறாடி ஒருத்தி!" "உன் பைல இருந்தா குடு." காக்கிச் சட்டைக்காரர் ஓடி வந்தார். "ஏம்மா, ஆடுறதெல்லாம் கோயில்ல வச்சுக்க. இது ஆஸ்பத்திரி. கைய எறக்கு." "எறக்க முடியாதுங்கய்யா, எறக்குனா நோய் போயிரும்." அவர் இவளை ஒரு பார்வை பார்த்தார், அன்னக்கொடியை ஒரு பார்வை பார்த்தார். "நோய் போறதுக்குத்தானம்மா வந்தீங்க?" அன்னக்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கினாள், கட்டுப் போட்ட தோள் குலுங்கி வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள். ஒச்சம்மா பார்த்துவிட்டாள். ரெண்டு மாசத்தில் அவள் சிரித்துப் பார்த்தது இல்லை. அதற்குள் கண்ணைத் தாழ்த்திவிட்டோமே என்று திரும்ப அண்ணாந்தாள். நாற்பத்தொண்ணு. நாற்பத்திரெண்டு. எண்ணிக்கை நூறைத் தாண்டியது, குரல் கொணகொணத்தது. காத்தாடிக்கு ஆறு றெக்கை முளைத்தது. ஆறு! ஒட்டடை ரெண்டு! வலது இமை, கடைக்காரன் மத்தியானத் தூக்கத்துக்குக் கடை ஷட்டரை இழுக்கிற மாதிரி, மெள்ள, பாதிக்கு வந்து, இன்னும் கொஞ்சம் வந்து, நின்றது. அப்பாடா. தாயே. பெற்ற பிள்ளை முதல்முதலாகக் குப்புற விழுந்தபோது வந்த சந்தோஷம் வந்தது. "சீக்கிரம் கூப்பிடச் சொல்லுங்க, விழுந்திருச்சு, விழுந்திருச்சு" என்றாள் கொணகொணவென்று. நாற்பத்திமூணாம் ஆள் வெளியே வந்தார், அவருக்குப் பின்னாலேயே பெரிய டாக்டரும் வந்தார், யாரையும் பாராமல் வராந்தாவில் நடந்து போய்விட்டார். "டாக்டர் டீ குடிக்கப் போறாரு. கால் மணி நேரம். எல்லாரும் அமைதியா உக்காருங்க" என்றார் காக்கிச் சட்டைக்காரர்.

உக்காருங்க! அந்த ஒரு வார்த்தையை இந்த ஆஸ்பத்திரியில் இருந்து ஒழித்துவிட மாட்டார்களா? ஒச்சம்மாவுக்கு ஆத்திரத்தில் தலை கிறுகிறுத்தது, கை ரெண்டும் தன்னால் கீழே வந்தன, முழங்கால் மடங்கியது. காக்கிச் சட்டைக்காரரும் திருநீறு கேட்டவளும் சேர்ந்து பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தாள், உடம்பு வரவில்லை. எழுந்திரு என்று ஒருத்தி வீசுகிறாள், வீசிக்கொண்டே இருக்கிறாள், அந்தப் பக்கம் யாரும் இல்லை. இனி கால் மணி நேரத்தில் பொட்டலம் எல்லாம் திரும்பக் கட்டி அடுக்கிவிடுவார்கள், இமை ஏறிவிடும், டாக்டர் அம்சமா இருக்கே என்பார், அன்னக்கொடி கேட்டுக்கொள்வாள், ஊர்ப் பொது, பதில். காலையில் இறைத்த நாலு குடமும் வீண். அழலாம் என்று பார்த்தால் அதற்கும் வாய் கோணவில்லை. அன்னக்கொடி எங்கே என்று பார்த்தால் காணவில்லை. போய்விட்டாள். போகட்டும். இல்லை, திரும்பி வருகிறாள், நல்ல கையில் கேன்டீன் மோர்ப் பாக்கெட், ஐஸ் பெட்டியின் அடியில் கிடந்து கல்லாக உறைந்துபோனது. "இதக் குடின்னா குடிக்க முடியாது, அரமணி நேரமாகும் உருக. கண்ணுல வையி. வெயில்ல நடந்து வந்தா மயக்கம் வராம என்ன செய்யும், ஆட்டோவுல ஏறச் சொன்னா ஏறுறாளா கழுத" என்று சொல்லிக்கொண்டே அவளே அந்தப் பாக்கெட்டை வலது கண்ணின் மேல் வைத்து அழுத்தினாள். சில்லென்று மண்டைவரைக்கும் ஏறியது. நல்லாத்தான் இருந்தது. ரெண்டு நிமிஷமோ மூணு நிமிஷமோ அப்படியே அழுத்திப் பிடித்திருந்தாள். அன்னக்கொடியின் விரலில் மஞ்சள் வாசம் வந்தது, ஒரு கையால் அரைக்கிறாளோ.

பாக்கெட்டை எடுத்தாள். ஒச்சம்மா காத்தாடியைப் பார்த்தாள். மூணு றெக்கை. "அய்யோ கெடுத்தியேக்கா! ஏத்திவிட்டியே! எத்தன பாடு பட்டு எறக்குனேன்!" அன்னக்கொடி குனிந்து, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கும்போது ஊசியில் நூல் கோப்பாளே அந்த மாதிரி ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, இவள் கண்ணையே பார்த்தாள். "இப்பத்தான பாதிக் கண்ணு மூடிக் கெடந்துச்சு." "ஆமா." "நான் வச்சதும் தொறந்திருச்சு." "அதான் சொல்றேன், கெடுத்துட்டே." "பேசாம இரு. மேல பாரு." மேலே பார்த்தாள். ஒரு நிமிஷம் போனது. இமை தளர்ந்தது. அன்னக்கொடியின் வாய் திறந்தபடி இருந்தது. "ஏடி, எறங்குதுடி." திரும்ப வைத்தாள், மனசுக்குள் எண்ணினாள், உதடு அசைந்தது. எடுத்தாள். ஏறியிருந்தது. இவள் மேலே பார்க்க, கொஞ்ச நேரத்தில் இறங்கியது. பொம்மைக் கடையில் சாவி கொடுத்துப் பார்க்கிற மாதிரி மூணாவது தடவையும் வைத்து எடுத்தாள். மோர் உருக ஆரம்பித்திருந்தது. யாராவது நடிக்கிறதாக இருந்தால் ஒரு கண்ணை மட்டும் இப்படி நடிக்க முடியுமா, அதுவும் குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என்று? அன்னக்கொடி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூளியில் கிடந்த கையைத் தொட்டுப் பார்த்தாள். "அன்னிக்குக் கையும் இப்பிடித்தானா?"

ஒச்சம்மாவுக்கு ரெண்டு மாசமாகச் சேர்த்துவைத்த பதில் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது, நரம்பு, சந்து, பொட்டலம், கை எல்லாம். "ஆமாக்கா" என்பது மட்டும்தான் வந்து சேர்ந்தது. "பிடிச்சேன்னுதான் நெனச்சேன். நெனக்காம விடுன்னு சொல்லுவேனா?" "கை முறியட்டும்னியே." "அது கருவாட்டுக்குச் சொன்னது." "ம்ம்" என்றாள் அன்னக்கொடி. அப்புறம், "பிழிஞ்சுதான் போட்டிருக்கணும்" என்றாள், சேலையையா வேறு எதையா என்று சொல்லவில்லை. டாக்டர் டீ குடித்துத் திரும்பி வர, ஒச்சம்மா மறுபடி காத்தாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நாற்பத்தாறு போய் வந்தது. நாற்பத்தேழு என்று கத்தினார்கள்.

"மறுபடியுமா?" என்றார் பெரிய டாக்டர், சீட்டைப் பார்த்தபடியே. "அந்தப் பொண்ணு எழுதினதுதானே. போன வாரம் நல்லாத்தானே இருந்தீங்க?" ஒச்சம்மா வாயைத் திறப்பதற்குள் அன்னக்கொடி முன்னால் போய் மேசை ஓரத்தில் நின்றுகொண்டாள். "சார், நான் இவ ஓரகத்தி. இவ போட்ட சட்டியில காறை எலும்பு முறிஞ்சவ நாந்தான். இவளுக்கு ஒண்ணுமில்லன்னு உங்க வாயால கேக்கத்தான் வந்தேன். கொஞ்சம் நிமிந்து அவ கண்ணப் பாருங்க சார்." டாக்டர் நிமிர்ந்தார். வலது இமை கீழே கிடந்தது. "தூங்கலையாம்மா?" "தூக்கமில்ல சார். இருங்க." மோர்ப் பாக்கெட்டை வைத்தாள். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, கைக்கடிகாரத்தைத் திருப்பி மேசையில் வைத்தார். அறையில் பின்னால் நின்ற ரெண்டு படிக்கிற டாக்டர்களைக் கிட்ட வரச்சொல்லிக் கையைக் காட்டினார். ரெண்டு நிமிஷம். எடுத்தாள். கண் முழுசாகத் திறந்து அவரை நேராகப் பார்த்தது. அவர் நாற்காலியை இழுத்து மேசையைச் சுற்றி வந்து இவள் முன்னால் உட்கார்ந்தார். "மேல பாருங்க. பாத்துக்கிட்டே இருங்க." அவர் கூரையில் காத்தாடி இல்லை, ஒரு பல்லிதான் இருந்தது, அதைப் பார்த்தாள். பல்லி ரெண்டாயிற்று. "பாத்தீங்களா, குளிர் பட்டா ஏறுது, களைச்சா எறங்குது, அந்தப் பொண்ணு எழுதினது சரிதான்" என்றார் டாக்டர், இவளிடம் இல்லை, பின்னால் நின்றவர்களிடம், குரல் மாறிப்போயிருந்தது. "இன்னொரு தடவை வைக்கலாம். பாக்கெட்டை நீங்களே பிடிங்கம்மா, அந்தம்மாவுக்குக் கை வலிக்கும்."

அன்னக்கொடி நீட்டினாள். ஒச்சம்மா கையை உயர்த்தி விளிம்பைப் பிடித்தாள். ஈரம், சில்லிப்பு, அதற்கு அந்தப் பக்கம் அன்னக்கொடியின் விரல். பழக்கம்தானே, பதினெட்டு வருஷத்துப் பழக்கம், விடு என்கிற சொல் தானாகப் புறப்பட்டு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை அங்கேயே நிறுத்தினாள். தன் விரல்களைப் பார்த்தாள். பிடித்திருக்கிற மாதிரித்தான் இருந்தன, அன்றைக்கும் இப்படித்தான் இருந்தன.

"விடாதக்கா" என்றாள், மூக்கால்.

டாக்டர் சீட்டை இழுத்து வைத்து எழுத ஆரம்பித்தார். மோர்ப் பாக்கெட்டின் தண்ணீர் ரெண்டு பேர் கை வழியாகவும் முழங்கை வரைக்கும் ஓடி, தரையில் சொட்டியது.

"யாருடி விட்டா?" என்றாள் அன்னக்கொடி.